ஜனாதிபதியா, அதிபரா, குடியரசுத் தலைவரா?

2022 ஜூலை 20 அன்று நாட்டின் தலைவரைத் தெரிவு செய்ய இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப எண் இட்டார்கள். 223 பேர் வாக்களித்தார்கள், நான்கு சீட்டுகள் செல்லவில்லை. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. 1993இல் டி. பி. விஜேதுங்கவைப் பாராளுமன்றம் போட்டியில்லாமலே தெரிவு செய்திருந்தது. சீட்டுப் போட்டுப் போட்டியிட்டது இதுதான் முதல் தடவை.

சரி, அன்று தெரிவானவரை எப்படி அழைப்பது? தமிழ்நாட்டுச் செய்திகளில் 'இலங்கை அதிபர்'. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது வேறு மாதிரிக் காதில் விழும். அங்கே அதிபர் என்றால் பாடசாலையை நடத்துபவர். "அதிபர் கூப்பிடுகிறார்" என்றால் பிள்ளைகள் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடும்.

இலங்கையில் வழங்குவது ஜனாதிபதி. சிங்களத்திலும் அதே சொல்தான், இரண்டுக்கும் மூலம் வடமொழி. ஜனம் என்றால் மக்கள், அதிபதி என்றால் ஆளும் உரிமையுள்ள தலைவன். அரசு ஆவணங்களில் 'சனாதிபதி' என்று எழுதுவதும் உண்டு. எழுத்தை மாற்றிவிட்டால் சொல் தமிழாகிவிடாது. எனக்கு உறுத்துவது வேறு: அதிபதி என்ற சொல்லில் உடைமை வாசனை இருக்கிறது. நிலத்துக்கு அதிபதி, செல்வத்துக்கு அதிபதி என்கிறோமே, அந்த அதிபதிதான். மக்கள் யாருடைய உடைமையும் இல்லை.

குடியரசுத் தலைவர் என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. குடி பழைய தமிழ்ச் சொல். "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்" என்று வள்ளுவர் அரசனுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது, குடியும் அரசன் பெற்றிருக்க வேண்டிய ஒன்றுதான். குடியரசு என்ற சொல்லில் அந்தக் குடியே அரசாகிவிட்டது. அதற்கு ஒரு தலைவர், அவ்வளவுதான். இந்தியாவிலும் முன்பு ஜனாதிபதி என்றே எழுதினார்கள், அப்புறம் இந்தச் சொல் நிலைத்தது. இலங்கைக்கும் இது புதிதில்லை. 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு' என்று நாட்டின் பெயரிலேயே பாதிச் சொல் இருக்கிறது, தலைவரைச் சேர்ப்பதுதான் பாக்கி.

கொடுத்து வாங்குவதென்றால், இலங்கையிலிருந்து தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டிய சொல் தெரிவு. அங்கே மக்கள் வாக்களித்தால் ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றம் வாக்களித்தால் ஜனாதிபதித் தெரிவு என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, ஒரு பொறுப்புக்கு ஆளை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி.