'கேப்' என்பது தொப்பி அன்று

"தொப்பி இல்லாத இளைஞரை 10ஆம் எண்ணில் இறக்குவதா, 60 தொப்பிகள் வாங்கிய மூத்தவரை இறக்குவதா?" வேல்ஸ் ரக்பி அணி ஒரு பெரிய போட்டிக்குத் தயாராகும் வாரத்தில் ரசிகர்களுக்குள் மூளும் வாதத்தைத் தமிழில் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு வீரர் ஆடிய பன்னாட்டுப் போட்டிகளின் கணக்கைக் குறிக்கும் 'கேப்' என்ற ஆங்கிலச் சொல்தான் இங்கே தொப்பியாகியிருக்கிறது. முதல் முறை படித்தபோது அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு வேறு இடங்களிலும் அதே தொப்பி வந்தது. கடைசியாக, "தொப்பி அணியாத வீரருக்கு வாய்ப்பு" என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ரக்பியில் தொப்பி அணிந்து ஆடுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய கேடு. காதையும் மண்டையையும் காக்க மெத்தென்ற தலையணி ஒன்றை விதி அனுமதிக்கிறது. அயர்லாந்தின் ஜோஷ் வான் டர் ஃபிளையர் என்றாலே ரசிகர்களுக்கு நினைவு வருவது அவருடைய சிவப்புத் தலையணி. 2023 உலகக் கோப்பையில் கன்ன எலும்பு முறிந்த பிரான்ஸின் அன்டுவான் டூபோன், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான காலிறுதிக்குத் திரும்பியபோது அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். ஆகவே "தொப்பி அணியாத வீரர்" என்று படிக்கும் ஒருவர், பாதுகாப்பில்லாமல் ஆடும் துணிச்சல்காரர் போலும் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. செய்தி சொல்ல வந்ததோ, அந்த வீரர் இதுவரை தம் நாட்டுக்காக ஒரு பன்னாட்டுப் போட்டியிலும் ஆடியதில்லை என்பதை.

சொல்லின் பிறப்பு எளியது. தலையை மூடும் மேலாடையைக் குறித்த 'கப்பா' என்னும் பிற்கால லத்தீன் சொல்லே ஆங்கிலத்தில் 'கேப்' ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ரக்பி பள்ளி போன்ற ஆங்கிலப் பள்ளிகளில் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத் தொப்பி கொடுத்துச் சிறப்பித்தார்கள். முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே, அணிக்கு 20 பேராக நடந்தது. நாட்டுக்காக ஆடியவருக்குத் தொப்பி என்ற வழக்கம் வேரூன்றியதும், பொருளின் பெயர் ஆடிய கணக்கின் பெயராகிவிட்டது. இலக்கணத்தில் இதைத்தான் ஆகுபெயர் என்கிறோம். ஆகுபெயரை மொழிபெயர்க்கும்போது அது எதற்கு ஆகி வந்ததோ அதைப் பெயர்க்க வேண்டும். இங்கே தலையில் வைக்கும் துணியைப் பெயர்த்துவிட்டு, ஆடியதை விட்டுவிட்டார்கள்.

அலுன் வின் ஜோன்ஸ் வேல்ஸுக்காக 158 போட்டிகளிலும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்காக 12 போட்டிகளிலும் ஆடினார். மொத்தம் 170. "170 தொப்பிகள் பெற்றவர்" என்று எழுதினால், அத்தனை தொப்பிகளை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு சிறுவன் கேட்பான். கேள்வி சரியானதுதான். குஞ்சம் வைத்த அந்தத் தொப்பியைப் பொதுவாக முதல் ஆட்டத்துக்கே தருகிறார்கள். ஆட்டத்துக்கு ஒன்று தருவதில்லை. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம் வாசகருக்குக் குழப்பம் இன்னும் கூடும். அங்கே அறிமுக நாளில் மூத்த வீரர் ஒருவர் தொப்பியைக் கையில் கொடுப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அது ஒருமுறை பெறும் உண்மையான தொப்பி. அதை வைத்து யாரும் ஆட்டங்களை எண்ணுவதில்லை.

ஒரு கணக்கு எப்போது ஏறுகிறது என்பதைப் பார்த்தால் சரியான சொல் தானே புலப்படும். போட்டிக்கு 23 பேர் அறிவிக்கப்படுகிறார்கள். 15 பேர் தொடங்குவார்கள், எட்டுப் பேர் மாற்று வீரர்கள். 23ஆம் எண் சட்டையோடு ஒருவர் கோட்டோரம் எழுந்து நின்று கால்களை உதறிக்கொண்டிருக்கிறார். 79ஆம் நிமிடத்தில் அழைப்பு வருகிறது. கோட்டைத் தாண்டி உள்ளே ஓடுகிறார். பந்து அவர் கைக்கு வரவே இல்லை, ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அவர் கணக்கில் ஒன்று ஏறிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் 80 நிமிடமும் உட்கார்ந்தே இருந்தவருக்கு ஒன்றும் ஏறவில்லை. எனவே 'தேர்வு' என்று பெயர்ப்பதும் பிழை. இருவருமே தேர்வானவர்கள்தான், கோட்டைத் தாண்டியவர் ஒருவரே.

இனி, தொப்பிக்குப் பதிலாகச் சொல்லப்படும் 'பட்டம்'. தமிழார்வம் உள்ள நண்பர் ஒருவர் இதை என்னிடம் வலுவாக வாதிட்டார், அவருடைய வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. பட்டம் என்பது நெற்றியில் கட்டும் பொன் தகடு. யானைக்கு இன்றும் நெற்றிப்பட்டம் கட்டுகிறோம். அரசன் அந்தத் தகட்டைக் கட்டிச் சிறப்பித்ததால் 'பட்டம் கட்டுதல்' சிறப்புப் பெயர் வழங்குவதாயிற்று. பிறகு பல்கலைக்கழகம் தருவதும் பட்டமாயிற்று. தலையில் அணியும் பொருள் ஒன்று சிறப்பின் பெயரானது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது, இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்றார். கேட்டவுடன் எனக்கும் மனம் இளகியது. ஏனாதி மோதிரம் என்று பழைய அரசர்கள் படைத்தலைவருக்கு அளித்ததையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

ஆனால் சொல் பிறந்த வரலாறு வேறு, இன்று அது வாழும் வாழ்வு வேறு. விளையாட்டுப் பக்கத்தில் பட்டம் என்றால் வெற்றிக் கோப்பை. "நடால் 14 முறை பிரெஞ்சு ஓப்பன் பட்டம் வென்றார்" என்று எழுதி எழுதி அந்தப் பொருள் இறுகிவிட்டது. அங்கே போய் "60 பட்டம் பெற்ற வேல்ஸ் வீரர்" என்று எழுதினால், படிப்பவர் அவர் 60 கோப்பைகளை வென்றதாகவே கொள்வார். இன்னொன்று: பட்டம் வெல்வதற்கு வெல்ல வேண்டும். நான் சொல்லும் கணக்கோ 50 புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் ஏறும். தோற்ற ஆட்டத்துக்குப் பட்டமா? 'குல்லாய்' என்று எழுதியவரும் உண்டு. குல்லாப் போடுதல் என்பது ஏய்ப்பதற்கும் காக்காய் பிடிப்பதற்கும் வழங்கும் ஊரில், நாட்டுக்காக ஆடியவர் தலையில் அதை வைப்பது அவமதிப்பு. இன்னும் கேப் பெறாதவரை 'அனுபவமற்றவர்' என்பதும் அநியாயம்தான். கிளப் அணியில் ஏழெட்டு ஆண்டு முட்டி மோதி ஆடிய முன்வரிசைக்காரர் 29 வயதில் முதல்முறை நாட்டு அணிக்கு அழைக்கப்படுகிறார்; அவரை அனுபவமற்றவர் என்று எழுதுவதற்கு மனம் எப்படி வருகிறது?

நான் சொல்வது 'களம்புகல்'. புதிதாகக் கட்டியதன்று. "களம்புகல் ஓம்புமின் தெவ்விர்" என்று அதியமானின் பகைவரை ஔவையார் எச்சரிப்பது புறநானூற்றின் 87ஆம் பாட்டு. களத்தில் கால் வைத்தல் என்பதே சொல்லின் பொருள். 79ஆம் நிமிடத்தில் கோட்டைத் தாண்டியவர் செய்ததும் அதுவே. பேச்சு வழக்கிலும் 'களம் கண்டவர்', 'களமிறங்கினார்' என்று உயிரோடிருக்கிறது. லயன்ஸ் அணி நான்கு நாடுகளின் கூட்டணி. அதற்கு ஆடியதை 'நாட்டு' என்று தொடங்கும் எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது, பன்னாட்டுக் களம்புகல் என்றால் அதுவும் அடங்கும்.

ஒரு தடை உண்டு, மறைக்க மாட்டேன். 1978இல் டுவிக்கன்ஹாமில் அர்ஜென்டினா ஓர் இங்கிலாந்து அணியுடன் 13–13 எனச் சமன் செய்தது. அந்த ஆட்டத்துக்கு இங்கிலாந்துச் சங்கம் தன் வீரர்களுக்குக் கேப் தரவில்லை. களம் புகுந்தார்கள், கணக்கில் ஏறவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'கணக்கில் சேராத ஆட்டம்' என்று ஒரு சொற்றொடர் கூட்டி எழுதினால் போதும். அரிதான அந்த ஓரிடத்துக்காகத் தொப்பியைச் சுமக்க வேண்டியதில்லை. களம்புகல் நாவில் ஏறவில்லை என்பவர்கள் 'கேப்' என்றே எழுதட்டும். அது தமிழன்று, ஆனால் பொய்யும் அன்று.

ரக்பி செய்திகளில் இந்தச் சொல்லுக்குச் சொல் போடும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ஐந்து புள்ளி எடுப்பதன் பெயர் டிரை. அதை 'முயற்சி' என்று பெயர்த்து, "இரண்டு முயற்சிகள் செய்தார்" என்று எழுதுகிறார்கள். படிப்பவர் இரண்டு முறையும் தோற்றார் என்றே புரிந்துகொள்வார். ஆதியில் பந்தை அழுத்தினால் புள்ளி கிடையாது, கம்பத்துக்குள் உதைத்துப் பார்க்கும் உரிமைதான் கிடைத்தது. அதனால் வந்த பெயர் அது. நாடுகள் மோதும் டெஸ்ட் போட்டியைச் 'சோதனை ஆட்டம்' என்று எழுதி, மோதலை ஒத்திகை ஆக்கியதையும் பார்த்தேன். மொழிபெயர்ப்பவர் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் நேர்ந்திராது.

வேல்ஸ் ரசிகர்களின் வாதத்துக்கு இந்த எண் எவ்வளவு முக்கியம் தெரியுமா? வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவர் வேல்ஸ் அணிக்குத் தகுதி பெற 60 களம்புகல் வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. 2023இல் அது 25 ஆகக் குறைந்தது. அந்த விதிப்படி 24 உள்ளவர் வெளியே, 25 உள்ளவர் உள்ளே. முதல் வரியில் நான் காட்டிய வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கலாம்: "நாட்டுக்காக இன்னும் களம் புகாத இளைஞரை 10ஆம் எண்ணில் இறக்குவதா, 60 முறை களம் கண்ட மூத்தவரை இறக்குவதா?"