பொனான்சா: கடலில் பிறந்து ஓடைக்கு வந்த சொல்

பண்டிகை வந்தால் கடை விளம்பரங்களில் ‘பொனான்சா’ என்ற சொல்லைப் பார்க்கலாம். பெரிய தள்ளுபடி என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் கடல். ஸ்பானிய மொழியில் பொனான்சா என்றால் கடல் அலையடங்கிக் கிடக்கும் நல்ல வானிலை. அதன் வேர் மென்மையைக் குறிக்கும் ‘மலாக்கியா’ என்ற கிரேக்கச் சொல். லத்தீனுக்குப் போனபோது அது கடல் அமைதியைக் குறித்தது. லத்தீனிலோ ‘மல்’ என்றால் கெட்டது. நல்ல வானிலைக்குக் கெட்ட பெயர் பொருந்தாது என்பதுபோல, பேச்சுவழக்கில் ‘மல்’ போய், நல்லது என்னும் பொருளுள்ள ‘பொன்’ வந்து உட்கார்ந்தது. நம் பொன்னுக்கும் இதற்கும் உறவு கிடையாது. தங்கத்தோடு சேர்ந்தே வரும் சொல் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஸ்பானிய மொழி பேசிய சுரங்கத் தொழிலாளிகள் இதை நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வளமான கனிமப் படிவு பொனான்சா. வெறும் பாறையாகிப் போன சுரங்கம் ‘பொராஸ்கா’, அதாவது புயல். அமெரிக்க மேற்குப் பகுதிச் சுரங்கங்களும் இந்த இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டன.

இதே பெயரில் ஓர் ஓடை கனடாவின் யூக்கான் பகுதியில் ஓடுகிறது. முன்பு அது முயல் ஓடை. 1896 ஆகஸ்ட் 16 அன்று ஜார்ஜ் கார்மாக், அவர் மனைவி கேட், கேட்டின் சகோதரர் கெய்ஷ் (ஸ்கூக்கம் ஜிம்), உறவினர் டாசன் சார்லி ஆகியோர் இருந்த குழு அங்கே தங்கத்தைக் கண்டது. முதலில் கண்டது கெய்ஷ்தான் என்பது அவர் குடும்பத்தார் சொன்னது. ஆனால் கண்டுபிடித்தவருக்கு உரிய நிலம் பதிவானது கார்மாக்கின் பெயரில். பழங்குடிக்காரர் பெயரில் பதிந்தால் ஏற்கமாட்டார்கள் என்ற நிலை அன்று இருந்தது. ஓடையின் பெயரைச் சொல்லும்போது கெய்ஷின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பனியுகத்தில் பனிப்பாறைகள் இந்தப் பள்ளத்தாக்கை மூடவில்லை. அதனால் சரளையில் படிந்த தங்கம் வாரிச் செல்லப்படாமல் அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் மண்ணோ ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பது. குளிர்காலத்தில் விறகு மூட்டி உருக்கி உருக்கிக் குழி தோண்டுவார்கள். வசந்தத்தில் ஓடை நீர் வந்ததும் குவித்துவைத்த சரளையை அரிப்பார்கள்.

பொனான்சா ஓடை கிளோண்டைக் ஆற்றில் சேர்கிறது. கிளோண்டைக், யூக்கான் ஆற்றில் கலக்கும் இடத்தில் எழுந்த ஊர் டாசன் சிட்டி. ‘கிளோண்டைக்’ என்பதே ‘ட்ரொண்டெக்’ என்ற பெயரின் திரிபு; அது அங்குள்ள பழங்குடியினரான ஹான் மக்களின் மொழி. சால்மன் பிடிக்க ஆற்றில் முளையடிக்கும் சுத்தியல் கல்லிலிருந்து வந்த பெயர் அது. தங்கம் தேடிவந்தவர்கள் அந்த மீன்பிடித் துறையை நிறைத்தபோது, ஹான் மக்களின் தலைவர் ஐசக் அவர்களை யூக்கான் ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே உள்ள மூஸ்ஹைடுக்கு அழைத்துப் போனார். 1898-இல் டாசனில் சுமார் 30,000 பேர். அடுத்த ஆண்டே அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று செய்தி வர, ஊர் காலியாகத் தொடங்கியது. இன்று அங்கே இருப்பவர்கள் ஏறத்தாழ 1,600 பேர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொனான்சா, பொராஸ்கா என்ற இணைக்கு நம்மிடம் அச்சாக ஓர் இணை இருக்கிறது: ஆகூழ், போகூழ். திருக்குறளின் ஊழ் அதிகாரம் முதல் குறளிலேயே இரண்டையும் சேர்த்து வைக்கிறது. கைப்பொருள் சேரக் காரணமான ஊழ் ஒன்று, போகக் காரணமானது மற்றொன்று. பொதுப்பொருளுக்கு ஆகூழ் போதும். பேச்சில் ‘யோகம் அடிச்சது’ என்பதும் அதேதான். கனிம வளத்தைச் சொல்லும்போது ‘கொழுவளம்’ என்பேன். கடை விளம்பரத்துக்குச் ‘சலுகை மழை’ ஏற்கெனவே புழங்குகிறது. மாலுமிக்குப் புயல் ஓய்ந்தால் யோகம், உழவர் மொழியில் மழை கொட்டினால் யோகம். எனக்கு அது மிகவும் பிடித்த வேறுபாடு.

அப்புறம், ஓடையின் பெயர்ப்பகுதியை மொழிபெயர்க்க வேண்டாம், பொனான்சா ஓடை என்றே இருக்கட்டும். ஆங்கிலப் பெயரில் வரும் ‘கிரீக்’ என்பதைப் பார்த்து ‘கழி’ என்று எழுதிவிடக் கூடாது. கழி கடல்நீர் ஏறும் இடம். இங்கே இருப்பது மலையிலிருந்து இறங்கும் நன்னீர்.