ஓடினால் ஆறும், நின்றால் கொதிக்கும்

பழைய காரைக் கொதிக்க வைப்பது வெயில் என்பது பாதி உண்மைதான். மே மாத நண்பகலில் ஒரு அம்பாசடர் மாதவரத்தில் கிளம்பி, ஜி.என்.டி. சாலையில் தடா வரை நிற்காமல் போய்விடும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டாது. அதே வண்டியை எண்ணூர் விரைவுச்சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பானெட் இடுக்கில் ஆவி கிளம்பும். வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓடிக்கொண்டிருந்தவரை கிடைத்த காற்று, நின்றதும் கிடைக்கவில்லை.

பெட்ரோல் எஞ்சின் தான் எரிப்பதில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்துக்கான உழைப்பாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், இன்னொரு பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் வண்டி மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனாலும் மூன்று கிலோவாட் ஆகிறது. வீட்டில் உடனடியாக வெந்நீர் போடும் ஒரு இன்ஸ்டன்ட் கீசருக்கு நிகரான சூடு. ஏழு லிட்டர் தண்ணீரை 85 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்கு ஏற்ற இதற்கு மூன்றேகால் நிமிடம் போதும். இரும்பு பிளாக்கும் சூட்டில் பங்கு வாங்கிக்கொள்வதால் இன்னும் சில நிமிடங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்தச் சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டரின் வேலை. வண்டி ஓடும்போது முன்கிரில் வழியாக வரும் காற்றே பெரும்பாலும் போதும். நின்றால் பேன்தான் கதி. பழைய வண்டிகளில் பேனைச் சுற்றுவது எஞ்சின். இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. எஞ்சின் நிதானமாக ஓடினால் பேனும் நிதானமாகத்தான் ஓடும். அதாவது, காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பேன் மிகக் குறைவாக வீசுகிறது. அம்பாசடரின் மூலவண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு 1950களின் இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டது. அந்தக் குளிருக்கும் அந்தக் காலத்துச் சாலைக்கும் இந்த ஏற்பாடு ஒரு குறையே அல்ல.

அனுபவமுள்ள ஓட்டுநர் நெரிசலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வைத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் பெட்ரோல் வீணாகிறதே என்று முகம் சுளிப்பார். ஆனால் அது சரியான காரியம். எஞ்சின் வேகம் இரண்டு மடங்கானால் பேன் தள்ளும் காற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்பும் வேகமாகத் தண்ணீரைத் தள்ளுகிறது. கூடுதலாக எரியும் பெட்ரோலின் சூட்டைவிட, கூடுதலாக வெளியேறும் சூடு அதிகம். சிலர் பிற்கால வண்டியிலிருந்து கழற்றிய மின்விசிறியை ரேடியேட்டர் முன்னால் பொருத்திக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோ இருக்கும் வண்டியில் யோசித்துச் செய்ய வேண்டும். டைனமோ குறைந்த வேகத்தில் மின்சாரமே தராது. எஞ்சினைக் காப்பாற்றப் போய் பேட்டரியை இழக்க நேரும்.

காற்று வந்தால் மட்டும் போதாது; அது எவ்வளவு சூடாக வருகிறது என்பதும் கணக்கில் சேரும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 60. காற்று 40 டிகிரி என்றால் 50. வானிலை அறிக்கை சொல்லும் 40 டிகிரி, காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் அளந்தது. தார்ச்சாலைக்கு ஓரடி உயரத்தில், முன்னால் நிற்கும் டிரெய்லரின் புகைக்குழாய்க்குப் பின்னால் 50 டிகிரி இருந்தாலும் வியப்பில்லை. அப்போது வித்தியாசம் 40. ரேடியேட்டரின் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கை அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

சரி, தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டால் உடனே கொதிக்குமா? கொதிக்காது. ரேடியேட்டர் மூடி ஸ்பிரிங் வைத்தது. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு பாதி அழுத்தம் கூடினால் கொதிநிலை 111, 112 டிகிரிக்கு உயரும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இந்தப் பன்னிரண்டு டிகிரி அவகாசம் காணாமல் போகும். விலை குறைந்த இந்த மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே கழற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு.

ஆபத்தும் இந்த மூடியில்தான். 112 டிகிரியில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் ஏழு லிட்டர் தண்ணீரின் மூடியைத் திறந்தால், அழுத்தம் விழுந்த கணமே அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிச்சச் சூடு சுமார் 150 மில்லி தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஒன்றரைக் குவளைகூட இல்லை. ஆனால் ஆவியாகும்போது தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அப்படியானால் 250 லிட்டர் நீராவி, கொதிநீரையும் தூக்கிக்கொண்டு, முகத்துக்கு நேராக வரும். ரேடியேட்டரின் மேல்பக்கத்து ரப்பர் ஹோஸைத் துணி வைத்து அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் மூடியில் கை வைக்காதீர்கள். ஆறிய பிறகும் எஞ்சினை ஓட விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதித்த இரும்பில் ஒரேயடியாகக் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதுதான் வடசென்னையின் தனிச் சிக்கல். மீஞ்சூர்ப் பக்கம் பல்லாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடலோரத்துப் பேட்டைகளில் பல போர்வெல்கள் உப்பு. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பூக்குமே, அதேதான். செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமாக வெப்பத்தைக் கடத்துகிற பொருள் இது. ரேடியேட்டரில் அது செய்யும் தீங்கு, மெல்லிய குழாய்களை அடைப்பது. எஞ்சினுக்குள் செய்யும் தீங்கு இன்னும் நயவஞ்சகமானது. சிலிண்டரைச் சுற்றிப் படிந்து, இரும்பின் சூடு தண்ணீருக்கு வரவிடாமல் தடுக்கும். முள் சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஓரிடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும். குளோரைடு வேறு இரும்பை அரிக்கும்.

பிடித்து வைத்த மழைநீரோ கேன் தண்ணீரோ எவ்வளவோ மேல். அதைவிட மேல், கலந்தே விற்கும் கூலன்ட். பனியே விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் அதன் உறையாமல் காக்கும் குணத்தை மட்டும் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை ஏழெட்டு டிகிரி கூட்டுகிறது. அதில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பான்கள் எஞ்சினின் உட்சுவரைக் காக்கின்றன. வெப்பத்தை ஏற்கும் திறனில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது என்பதும் உண்மையே. இருந்தாலும் துருவைக் கணக்கில் எடுத்தால் கூலன்டின் பக்கமே என் வாக்கு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 80 டிகிரியைத் தாண்டியதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போக வழிவிடும் சின்ன வால்வு அது. நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று பல மெக்கானிக்குகள் எடுத்துவிடுகிறார்கள். வெயில் நேரத்தில் அது முழுதாகத் திறந்தேதான் இருக்கும். எடுப்பதால் பெரிய லாபமில்லை. காலையில் எஞ்சின் சூடாக நேரமெடுக்கும், தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். பழுதாகி மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து, புதிதாக ஒன்று மாட்டுவது.

தண்ணீர் கொதிப்பது ஒரு தொல்லை என்றால், பெட்ரோல் கொதிப்பது இன்னொன்று. மணலி ஆலையில் கச்சா எண்ணெயைக் கொதிநிலைவாரியாகப் பிரித்தெடுக்கிறார்கள். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல திரவங்களின் கலவை. அதில் மிக லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். அங்கே பிரித்த வேலையை மணலி சாலை நெரிசலில் நம் வண்டியின் பெட்ரோல் குழாய் தொடர்கிறது என்று சொல்லலாம். பியட் போன்ற வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கும். பின்னாலுள்ள டாங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குழாயில் ஆவிக்குமிழ் சேர்ந்ததும், திரவத்தைத் தள்ளப் பழகிய பம்ப் அந்த ஆவியை அழுத்தி அழுத்தி விடுகிறதே தவிர எதுவும் நகர்வதில்லை. வண்டி இருமி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவது இதற்குத்தான்: துணியிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,400 ஜூல் அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலின் சில கூறுகளோடு சேரும்போது, இரண்டும் தனித்தனியாகக் கொதிக்கும் சூட்டுக்கும் கீழே கொதிக்கிற கலவைகள் உருவாகின்றன. பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்ளாது. அவற்றை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

எஞ்சினை அணைத்த பிறகும் சூடு ஏறும் என்பதைப் பலர் நம்புவதில்லை. பேன் நிற்கிறது, தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, இரும்பில் தேங்கிய சூடு மட்டும் வெளியே கசிந்து பானெட்டுக்குள் நிறைகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிகிறது. பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் வண்டி எடுக்காததற்குக் காரணம் பெட்ரோல் இல்லாமை அல்ல, மிதமிஞ்சிய பெட்ரோல். ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் சேரும். ஒரே மிதியில் முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்று நிறையப் போய் மிகுதியை அடித்துக்கொண்டு போகும்.

இனி வண்டிக்குள் இருக்கும் ஆள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் உடலும் 100 வாட் அளவுக்குச் சூடு உண்டாக்குகிறது. தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைத் தாண்டினால், வீசும் காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கும். வியர்வை ஒன்றுதான் வழி. கால் மாட்டில் எஞ்சின் தகிக்கும், ரெக்சின் சீட் முதுகை அடைத்து வியர்வையை உலரவிடாது. மரமணி சீட் விரிப்புக்கும் டர்க்கி டவலுக்கும் இங்கேதான் மதிப்பு. மணி விரிப்பு முதுகுக்கும் சீட்டுக்கும் இடையே காற்று புக இடம் தருகிறது. முன்பக்கத்து முக்கோணக் கண்ணாடி ஓடும்போது காற்றை நெஞ்சுக்கு நேராகத் திருப்பும். நின்றால் அதுவும் வெறும் கண்ணாடிதான்.

பிற்பகலில் கடற்காற்று வந்ததும் ஊரே பெருமூச்சு விடுகிறது. வண்டிக்கு அது முழு நன்மை: காற்றின் சூடு குறைகிறது, ரேடியேட்டருக்கு ஈரப்பதத்தைப் பற்றிக் கவலையில்லை. ஓட்டுநரின் கணக்கு வேறு. நிலக்காற்று வீசும்போது 38 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி (நீர் உலர்வதால் எவ்வளவு வரை குளிர முடியும் என்று காட்டுவது) சுமார் 27 டிகிரி காட்டும். கடற்காற்று வந்து 34 டிகிரியும் 70 சதவீதமும் ஆனால் அது 29 டிகிரிக்கு மேல் காட்டும். சாதாரண வெப்பமானி நான்கு டிகிரி இறங்கியிருக்கிறது. வியர்வை உலரும் வாய்ப்போ குறைந்திருக்கிறது. காசிமேட்டுக் கடற்கரையில் நிற்பவருக்குக் காற்றின் வேகம் இதை ஈடுகட்டிவிடும். இருபுறமும் கன்டெய்னர் சுவர் எழுந்து நிற்கும் வரிசையில் ஈரம் மட்டும் வந்து சேரும், காற்று வராது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உலரும் வியர்வைதான் குளிர்விக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் சட்டை தெப்பமாக நனைந்தும் புழுக்கம் தணிவதில்லை.

இழந்த நீரோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் வெறும் தண்ணீரைவிடப் பொருத்தமானவை. சிறுநீர் அடர்மஞ்சளானால் குடித்தது போதவில்லை. தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு வந்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.