மணலில் வண்டி புதைந்தால் முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் மாட்டிய வண்டிகளை வெளியே எடுப்பதும், அப்புறம் அவற்றை ரிப்பேர் பார்ப்பதும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வழக்கமான வேலை. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வேனும் ஜீப்பும்தான் மணலில் ஆள் ஏற்றிப் போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. இனி யாரும் மணலில் இறங்க வேண்டியதே இல்லை. இறங்குகிறார்கள். புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவருக்கு மணலைக் கண்டால் கால் சும்மா இருக்காது.

போனில் வரும் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, ஃபோர் வீல் போட்டும் ஏற மாட்டேங்குது."

"டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"ஷோரூம்ல சொன்னதுதாண்ணே, முப்பத்தி மூணு."

கோளாறே அதுதான். 33 பிஎஸ்ஐ தார் ரோட்டுக்குச் சரி. மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படியும், வண்டியின் எடை பரவி இறங்கும், மணலை வெட்டாமல் அதன் மேலேயே உருண்டு போகும். ரொம்பவும் குறைத்து 12-க்குக் கீழே கொண்டுபோனால் வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். ஆகவே காற்றழுத்தம் பார்க்கும் கேஜும், வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் கையில் இருக்கட்டும். தார் ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பிவிட வேண்டும்; குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

"நாலு சக்கரமும் இழுக்குதே?" என்பார்கள். டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) இல்லாத வண்டியில், பிடிமானம் இல்லாத சக்கரம்தான் வீணாகச் சுற்றும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றும். மற்ற இரண்டும் கிட்டத்தட்ட சும்மா நிற்கும். மிதிக்க மிதிக்க மணல் பின்னால் பறக்கும், குழி ஆழமாகும், கிளட்ச் கருகிய வாடை வரும், கடைசியில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் எந்த கியரும் உதவாது. சக்கரம் இடத்திலேயே சுற்றுகிறதா, உடனே காலை எடுங்கள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாருங்கள், காற்றை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். பாதிப் பேர் எங்களைக் கூப்பிடாமலே வெளியே வந்துவிடலாம். எங்களுக்கு வரும்படி போகும், போகட்டும்.

மேடோ மலையோ, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே சாய்த்து ஓட்டினால் வண்டி உருளும். பாதி மேட்டில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காதீர்கள். ரிவர்ஸ் கியரிலேயே நேராகக் கீழே வாருங்கள். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை முதலில் நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை இல்லை. கொழுக்குமலை மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் லோ கியரில் இறங்கினாலே போதும், பிரேக் சூடேறாது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கயிறு கட்டி இழுக்கும் நேரம். பின்னால் டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிறு போட்டு இழுக்கிறார்கள். அது டிரெய்லர் இழுக்கத்தான். புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த உருண்டை ஒடிந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். வெளிநாடுகளில் இதனால் உயிர்ப்பலியே நடந்திருக்கிறது. சங்கிலியும் வேண்டாம். சேஸிஸோடு சேர்ந்த இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ நனைந்த போர்வையையோ போட்டு வையுங்கள். அறுந்தாலும் வேகம் அடங்கும். செல்போனில் படம் பிடிக்கிறவர் உட்பட எல்லோரும் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கட்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குவதுதான் இதில் கஷ்டமான வேலை.

இன்னொன்று, எங்கே இறங்கக் கூடாது என்பது. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மேடுகள்தான் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணற்குன்றுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் அதிகபட்சப் பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை இங்கே கரையேறி முட்டையிடும். முட்டை ஒன்றரை அடி ஆழத்தில் கிடக்கும், மேலே அடையாளம் எதுவும் தெரியாது. குஞ்சு பொரித்து வெளியே வந்தாலும், டயர் தடத்தின் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அங்கேயே கிடக்கும். அந்த மாதங்களில் கரைமணலில் வண்டி இறக்குவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

வடக்கே பெண் கடல் (அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கம்) ஓரத்து உப்பு படிந்த நிலத்தை நம்பாதீர்கள். மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும். ஓர் அங்குலத்துக்குக் கீழே சேறு. மணலுக்குச் சொன்ன எந்த வித்தையும் அங்கே எடுபடாது.

வீட்டுக்குத் திரும்பியதும் அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். பிரேக், ஸ்பிரிங், சேஸிஸ் இடுக்கு என்று எல்லா இடத்திலும் உப்பு ஒட்டியிருக்கும். கடல்தண்ணீர் அச்சு மட்டத்துக்கு வந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.