ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்: மொய் நோட்டிலிருந்து தொடங்கும் கணக்கு

பணி ஓய்வுக்கு ஓரிரு வருடம் இருக்கும்போது ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "பிஎஃப், கிராஜுவிட்டி, எல்ஐசி எல்லாம் சேர்த்து ஒரு கோடி வரும் சார். அது போதும்தானே?" மாதம் எவ்வளவு செலவாகிறது என்று திருப்பிக் கேட்டால், "ஒரு முப்பத்தஞ்சு, நாப்பது ஆகும்" என்பார்கள். கணக்கு தப்புவது இந்த "ஆகும்" என்ற இடத்தில்தான். அவர்கள் மனதில் இருப்பது மளிகை, பால், கரண்ட் பில், கேஸ், மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளும் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளும் அதில் இருப்பதில்லை.

அதனால் கோடியைப் பற்றிப் பேசும் முன் மூன்றை மேசையில் எடுத்து வையுங்கள்: கடைசி 12 மாத பேங்க் பாஸ்புக், வீட்டு ரசீதுகள், மொய் நோட்டு. மொய் நோட்டு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கிறது. அதெல்லாம் நாம் திருப்பிச் செய்தாக வேண்டிய கடன். அன்று 1,000 எழுதியவருக்கு இன்று 1,000 மட்டும் எழுத மனம் வராது. அறுபதைத் தாண்டியபின் பத்திரிகை வருவது குறைவதும் இல்லை. உடன்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று வந்துகொண்டேதான் இருக்கும்.

திருச்சியில் சொந்த வீட்டில் இருக்கும், கணவன் மனைவி இருவருக்கும் 60 வயதான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி, பாலுக்கு மாதம் 16,000. கரண்ட், கேஸ், போன், இணையத்துக்கு 4,000. வீட்டு வேலைக்கு வருபவருக்கு 3,000. மாத்திரை, ரத்தப் பரிசோதனைக்கு 5,000. பெட்ரோல், ஆட்டோவுக்கு 4,000. கோயில், ஓட்டல், பேரப்பிள்ளைகளுக்கு வாங்குவது 8,000. மொத்தம் 40,000. ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனால் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் வாழலாம். இதோடு வருடாந்திரச் செலவு: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 50,000, மொய் 25,000, தீபாவளி பொங்கல் துணிமணி 20,000, ஊர்ப்பயணம் 10,000, வண்டி இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 9,000, வீட்டு வரி, தண்ணீர் வரி 6,000. இது 1.2 லட்சம். ஆக வருடத்துக்கு 6 லட்சம். மாதம் நாற்பது என்று சொன்னவரின் உண்மையான செலவு ஐம்பதாகிவிட்டது.

இந்த 6 லட்சத்தை எதால் பெருக்குவது? அதுதான் அடுத்த கேள்வி. 4 சதவீத விதி என்று ஒன்றை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போகலாம், 30 வருடம் தாங்கும் என்பது அது. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அமெரிக்கப் பங்குகள், அமெரிக்க அரசுப் பத்திரங்களின் வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு. நம் விலைவாசியும் நம் டெபாசிட் வட்டியும் வேறு என்பதால், அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவதை நான் ஏற்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம், 2 கூடலாம் குறையலாம். மருந்தும் ஆஸ்பத்திரியும் நிறைந்த முதியவர் வீட்டுச் செலவுக்கு மேல் எல்லையான 6 சதவீதத்தை வைப்பதுதான் பாதுகாப்பு. டெபாசிட், அஞ்சலகம், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் கலந்து வரி போக 7 சதவீதம் வருகிறது என்று வைப்போம். 90 வயது வரை, அதாவது 30 வருடத்துக்கு, முதல் வருடச் செலவைப் போல 26.3 மடங்கு வேண்டும். 6 லட்சத்துக்கு அது 1 கோடியே 58 லட்சம். வருமானம் 8 சதவீதமானால் 23.2 மடங்கு, 1 கோடியே 39 லட்சம் போதும். வருமானம் 6-க்கு இறங்கி விலைவாசி 7-க்கு ஏறினால் 34.5 மடங்கு, 2 கோடியே 7 லட்சம் வேண்டும். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் 68 லட்சம் வரை இழுக்கிறது. அதனால் யாராவது ஒற்றை எண்ணை உறுதியாகச் சொன்னால், எந்த வட்டி, எந்த விலைவாசி என்று கேளுங்கள்.

மனைவி ஐந்து வயது இளையவர் என்றால் அவருடைய 90 வயது வரைதான் கணக்குப் போட வேண்டும். 35 வருடத்துக்கு மடங்கு 30. ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வீட்டு வரியும் கரண்டும் வேலைக்காரம்மா சம்பளமும் பாதியாவதில்லை. மூன்றில் இரண்டு பங்காவது நிற்கும். துணைக்கு ஆள் வைத்தால் பழையதைவிடக் கூடவே ஆகும்.

இப்போது அந்த ஒரு கோடிக்கு வருவோம். டெபாசிட்டில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 58,000 வட்டி வரும். முதல் வருடம் செழிப்பாகத் தெரியும். ஆனால் 6 சதவீத விலைவாசியில் எல்லாச் செலவும் 12 வருடத்தில் இரட்டிப்பாகும். வட்டி மட்டும் அதே 58,000-தான். 72 வயதில் அதற்கு, இன்று 29,000-க்கு வாங்கும் சாமான்தான் கிடைக்கும். முதல் வருடம் 58,000-ஐயும் செலவழித்த அந்த வாழ்க்கைத் தரத்தைக் குறைக்காமல் அசலில் கை வைத்துக்கொண்டே போனால் 75 வயதில் கணக்கு பூஜ்ஜியம். முழு வட்டியையும் செலவழிப்பவர், அசல் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே ஏழையாகிக்கொண்டிருக்கிறார். முதல் பத்து வருடத்தில் வெளியே தெரியாது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய பயம்.

பென்ஷன் வருபவர்களும் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். பிஎஃப்போடு சேர்ந்து வரும் ஈபிஎஸ் பென்ஷன் மாதம் 4,000 என்றால், வருடம் 48,000-ஐச் செலவிலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் தேவை 12.6 லட்சம் குறைந்ததாகத் தெரியும். அரசு ஓய்வூதியத்தில் விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி உண்டு, இதில் கிடையாது. என்றும் அதே 4,000. அதே 7 சதவீத வருமானத்தில் 30 வருடத்துக்கு அந்த 4,000-ஐத் தர இன்று 6.4 லட்சம் இருந்தால் போதும், அதனால் தேவை குறைவதும் அவ்வளவுதான். மொத்தப் பணத்தைக் கட்டி மாதாமாதம் வாங்கும் ஆன்யுட்டி திட்டங்களில், வாங்கும்போதே மாதத்தொகை நிலையாகிவிடுபவற்றுக்கும் இதே கணக்குதான்.

குடியிருக்கும் வீட்டையும் மனைவியின் நகையையும் இதில் சேர்க்காதீர்கள். விற்கப்போவதில்லை என்று தெரிந்த சொத்து சோறு போடாது. வாடகை வரும் வீடு என்றால் வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும், ஒரு மாத வாடகை பழுதுபார்க்கப் போகும் என்று பத்து மாத வாடகையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை வருபவை தனி: பெயின்ட், போர் மோட்டார், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, கண்புரை ஆபரேஷன், பல் செட், காது மெஷின், மூட்டு மாற்று. இவற்றுக்கென 12 லட்சம் ஒதுக்கி வைக்கலாம். ஆக இந்தத் திருச்சிக் குடும்பத்துக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம்.

மருத்துவக் காப்பீடு இருந்தும் கைக்காசு போகும் இடம் அறை வாடகை. 5 லட்சம் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகைக்கு 1 சதவீத வரம்பு என்றால் 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறையில் படுத்தால், அறைக்கு மட்டும் பாதி வெட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி போன்றவைதான் தப்பும். அறை வரம்பு இல்லாத பாலிசியா என்று எழுத்தில் பாருங்கள். ஆபீஸ் தந்த குரூப் பாலிசி ஓய்வோடு முடிந்துவிடுவதே வழக்கம். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டிவரலாம். 55 வயதிலேயே சொந்தமாக ஒன்று எடுத்துவிட்டால் இந்த இடைவெளி ஓய்வுக்குள் முடிந்துவிடும்.

பணத்தை எங்கே வைப்பது? முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். ஒருவருக்கு 30 லட்சம் வரை. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த வீதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 வரும். நீங்கள் போடும் நாளில் உள்ள வீதம் 5 வருடமும் மாறாது. வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது. ஒரு வருடத்துக்குள் முடித்தால் தந்த வட்டியையே பிடித்துக்கொள்வார்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு, ஒரு வங்கியில், வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான் காப்பீடு. கூட்டுறவு வங்கியில் மொத்தமாகக் குவிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஐந்து வருடச் செலவாவது இப்படி நிலையான இடங்களில் இருக்கட்டும். விலைவாசியைத் துரத்திப் பிடிக்க 25, 30 சதவீதம் பங்குச்சந்தை ஃபண்டுகளில் வேண்டும். அதை மாதச் செலவுக்கு நம்பக்கூடாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்குக் கீழே போய் வந்தது. அந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட்டவர்களுக்கு, பிறகு சந்தை ஏறியும் பயனில்லை.

"மாதம் நூத்துக்கு மூணு தர்றாங்க" என்று வரும் உறவினரை வாசலிலேயே நிறுத்துங்கள். பைனான்ஸ் கம்பெனிகளில் ஏமாந்தவர்களுக்காக 1997-இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. இன்னும் அதே வட்டியை நம்பி ஓய்வுப் பணம் போகிறது. மகனின் பிளாட்டுக்கு முன்பணம் கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை, ஆனால் விலை தெரிந்து கொடுங்கள். 10 லட்சம் கொடுத்தால் இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 3,200 ரூபாய் 90 வயது வரை குறைகிறது. மேலே சொன்ன வீட்டில் அது வேலைக்காரம்மா சம்பளம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் மீதிப் பணத்தை அந்த வருடச் செலவால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 6, 7 சதவீதக் கணக்கின்படி 65 வயதில் 22 மடங்கு, 70-இல் 18, 75-இல் 14, 80-இல் பத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மடங்கு குறைந்தால் அந்த வருடம் பயணத்தையும் துணிமணியையும் சுருக்குங்கள், பிரீமியத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். நான்கைந்து மடங்கு குறைந்தால் மாடியை வாடகைக்கு விடுவது, கிராமத்து மனையை விற்பது போன்ற முடிவுகளை உடம்பில் தெம்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 80 வயதில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அலைவது கஷ்டம். வகுத்து வந்த எண்ணை, தேதி போட்டு, மனைவிக்கும் தெரியும்படி அந்த மொய் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.