விழும்போது முதலில் தரையைத் தொடுவது எது? இரு சக்கர வாகன ஓட்டிகளின் பாதுகாப்பு உடை குறித்து

நான் ஓர் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை மருத்துவர். பிளாஸ்டிக் சர்ஜன் என்றவுடன் மூக்கைத் திருத்துபவர், முடி நடுபவர் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் தென் மாவட்டம் ஒன்றில் நான் பணிபுரியும் மருத்துவமனையில் என் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பைக்கிலிருந்தோ ஸ்கூட்டரிலிருந்தோ விழுந்து தோலை இழந்தவர்கள். அவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு: எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், என்ன அணிந்திருந்தீர்கள்? முதல் கேள்விக்கு லடாக் பயணம் என்றோ நெடுஞ்சாலைப் பந்தயம் என்றோ எவரும் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, பக்கத்து ஊர்த் துக்க வீட்டுக்கு என்பவைதான் பதில்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் வேட்டி, சட்டை, ரப்பர் செருப்பு என்பதாக இருக்கும். விலை உயர்ந்த ரைடிங் ஜாக்கெட் வைத்திருந்த ஓர் இளைஞரும் வந்தார். அவருடைய ஜாக்கெட் அன்று வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே பாதுகாப்பு உடையைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. விழும்போது உடலின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது என்பது ஒன்று. தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் சலிக்காமல் அணியக்கூடியது எது என்பது மற்றொன்று. கடைகளில் நடக்கும் பேரம் பெரும்பாலும் இவை இரண்டையும் விட்டுவிட்டு, ஜாக்கெட்டின் தோற்றத்தைச் சுற்றியே நிகழ்கிறது.

தோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் 'சிராய்ப்புதானே' என்ற சொல்லை நான் அன்றாடம் கேட்கிறேன். தொடையிலோ முதுகிலோ தோல் உரிந்தால், அடியில் கொழுப்பும் தசையும் இருப்பதால், வேறோர் இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டிவிட முடியும். புறங்கை, விரல் கணுக்கள், முழங்கால் சில்லு, கணுக்கால், பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றில் நிலைமை வேறு. இங்கெல்லாம் தோலுக்கு நேர் கீழே தசைநாணோ எலும்போ இருக்கிறது. அவை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், ஒட்டப்படும் தோலுக்கு ஊட்டமளிக்க இரத்த ஓட்டம் அங்கு இராது; இரத்தக் குழாயோடு சேர்த்துத் தோலையும் திசுவையும் வேறிடத்திலிருந்து மடலாகத் திருப்பியோ பெயர்த்தெடுத்தோ மூட வேண்டியிருக்கும். அது பல மணி நேர அறுவை சிகிச்சை, பல வார ஓய்வு. குதிகாலின் அடித்தோலோ, உடல் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்த தனி வகைத் திசு. அதற்கு நிகரான மாற்றை எந்த மருத்துவராலும் தர முடியாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செருப்புக் காலோடு விழுந்து, வண்டிக்கும் தார்ச்சாலைக்கும் இடையே பாதம் சிக்கிச் சில மீட்டர் இழுபட்டாலே இவ்வளவும் நேர்ந்துவிடும்.

எனவே தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாக நான் காலணியைத்தான் சொல்வேன். அது பைக் ஓட்டுவதற்கென்றே தயாரித்த பூட்ஸாக இருந்தால் நல்லது. அதற்கு வழியில்லையென்றால், கணுக்கால் எலும்பை முழுமையாக மூடும், கயிறோ ஜிப்போ கொண்டு இறுக்கக்கூடிய, தடித்த தோல் காலணி போதும். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வும், பைக்குக்கெனத் தயாரிக்கப்படாத சாதாரண பூட்ஸ்கூட, ஓட்டப் பயிற்சிக் காலணி போன்றவற்றோடு ஒப்பிடும்போது, பாதத்தையும் கணுக்காலையும் கணிசமாகக் காத்ததைக் காட்டியது. வாங்கும்போது குதிகாலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்தால் கழன்று வரும் காலணி விபத்தில் உங்களுக்கு முன்பே சாலையில் கிடக்கும். கயிற்று முனைகளை உள்ளே செருகிவிடவும் வேண்டும். அவை கியர் நெம்புகோலில் சிக்குவது அரிதன்று.

அடுத்தது கையுறை. விழுகிற மனிதன் கையை ஊன்றுவான். அது சிந்தித்துச் செய்வதன்று, உடல் தானாகச் செய்வது. உள்ளங்கை தார்ச்சாலையில் பற்றிக்கொண்டு நிற்க, உடலின் எடை முழுவதும் மணிக்கட்டின் மேல் இறங்குகிறது. கட்டைவிரலின் அடியில் உள்ள படகெலும்பு இப்படித்தான் முறிகிறது. அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் சேரவும் நெடுநாள் எடுக்கும். நல்ல கையுறைகளில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுவழுப்பான கடினத் துண்டு ஒன்று பதித்திருப்பார்கள். அது அலங்காரம் அன்று. கை தரையில் பற்றி நின்றுவிடாமல் வழுக்கிச் செல்வதற்காக வைக்கப்பட்டது. கணுக்களின் மேல் காப்பும், மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டையும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். விரல் நுனி திறந்த கையுறைகளை வெயிலுக்காகப் பலர் விரும்புகிறார்கள். நுனி விரல்களைத் தைக்கும் வேலையை எனக்கு அவை நிறையவே தந்திருக்கின்றன.

தலைக்கவசத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்றாலும், வாங்கும் இடத்தில் நிகழும் தவறுகள் குறையவில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்களாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். வீட்டில் ஒரே ஒரு நல்ல தலைக்கவசம் இருக்கையில், அது எப்போதும் ஓட்டுபவரின் தலையிலேயே இருப்பதன் கணக்கு இது.

தலைக்கவசத்தின் உயிர் வெளியே மின்னும் ஓட்டில் இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாக்கோல் போன்ற நுரை அடுக்கில் இருக்கிறது. மோதும்போது அந்த நுரை நசுங்கி, தலை நிற்பதற்கான தூரத்தைச் சில சென்டிமீட்டர் கூட்டித் தருகிறது. மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் முழுவதும் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. சாலையோரம் குவித்து விற்கப்படும் மலிவான கவசங்களில் உள்துணியை விலக்கிப் பார்த்தால், நுரை அடுக்கே இல்லாமலோ வெறும் மெத்தைப் பஞ்சாகவோ இருப்பதைக் காணலாம். அவை காவலரிடமிருந்து மட்டுமே காக்கும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகனத் தலைக்கவசங்களைத் தயாரிப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை ஒட்டுவது எவருக்கும் எளிது என்பதால், அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, அது யாருக்கு வழங்கப்பட்டது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

முகம் முழுவதையும் மூடும் வகையையே நான் பரிந்துரைக்கிறேன். தாடைப் பகுதி திறந்த கவசம் அணிந்தவர்கள் உயிரோடு வருகிறார்கள், ஆனால் முகவாய் தரையில் அடித்து, காதுக்கு முன்னே உள்ள தாடை மூட்டு இருபுறமும் முறிந்து, பற்கள் கலைந்து வருகிறார்கள். வெந்நீரில் குளிப்பது போலிருக்கிறது என்று புழுக்கத்தைக் காரணம் காட்டுபவர்களிடம் நான் வாதிடுவதில்லை. மே மாதத்து மதுரையில் நானும் ஓட்டுகிறேன். காற்றோட்டத் துளைகளும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பெரும்பகுதி தீரும்.

அளவு விஷயத்தில் அவசரம் கூடாது. புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்துகொண்டு, அந்த அளவுள்ள கவசத்தைப் பத்து நிமிடமாவது கழற்றாமல் அணிந்திருங்கள். கன்னங்கள் சற்று அழுந்த வேண்டும். நெற்றியில் ஒரே ஒரு புள்ளியில் வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கானதன்று. பிறகு வாரைப் பூட்டிக்கொண்டு, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளும்படி உடன் வந்தவரிடம் சொல்லுங்கள். கழன்று வருமானால் ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள். வாரைப் பூட்டாமல் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சோதனை எதற்கும் உதவாது.

ஜாக்கெட், கால்சட்டை விஷயத்தில் ஐரோப்பியத் தரக் குறிகளை வாசிக்கத் தெரிந்தால் போதும், விற்பனையாளரின் பேச்சு தேவைப்படாது. உடைக்கான ஈ.என். 17092 தரத்தில் ஏஏஏ என்பது உராய்வைத் தாங்குவதில் உயர்ந்த வகுப்பு, அடுத்து ஏஏ, பிறகு ஏ. தோள், முழங்கை, முழங்காலில் வைக்கும் காப்புத் துண்டுகளுக்கு ஈ.என். 1621-1, முதுகுக்கு 1621-2. ஒவ்வொன்றிலும் 1, 2 என இரு நிலைகள் உண்டு. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் அளவு ஆற்றலில் காப்பைச் சோதித்து, மறுபுறம் கடந்து செல்லும் விசையை அளக்கிறார்கள். கைகால் காப்புகளில் முதல் நிலைக்கு அது சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மிகாமலும், இரண்டாம் நிலைக்கு 20-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பல ஜாக்கெட்டுகளின் முதுகுப் பையில் காப்புக்குப் பதிலாக எந்தத் தரக் குறியும் இல்லாத வெறும் நுரைத் தகடு வைக்கப்பட்டிருக்கும். அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். என் எலும்பு மருத்துவ நண்பர், தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் முறிவுகளைப் பார்த்துப் பார்த்து, ஜாக்கெட்டே முதலில் வாங்க வேண்டியது என்கிறார். முன்பு குறிப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வோ, காப்பு வைத்த உடைகள் தோல், மென்திசுக் காயங்களைக் குறைத்ததையும், எலும்பு முறிவுகளோடு அவற்றுக்குத் தொடர்பு தென்படாததையும் பதிவு செய்தது. விபத்தில் சிக்கிய கையுறை, ஜாக்கெட், கால்சட்டை ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் கிழிந்தோ தையல் பிரிந்தோ பயனற்றுப் போயின என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகையால் துணியின் பெயரைவிடத் தையலைப் பாருங்கள்: தோள், முழங்கை, இடுப்பின் பக்கவாட்டில் இரட்டை, மூன்றடுக்குத் தையல் இருக்க வேண்டும், காப்பு முழங்கையின் மேல் நகராமல் உட்கார வேண்டும். நம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்டே ஏற்றது, ஆனால் தரையில் படும் இடங்களிலும் வலையே இருந்தால் அது காற்றுக்கு மட்டுமே ஆகும். லெக்கிங்ஸ், டிராக் பேண்ட் போன்ற செயற்கை இழை உடைகள் உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைக் காயத்திலிருந்து பிரித்தெடுப்பது எனக்கும் நோயாளிக்கும் ஒருசேரத் துன்பம்.

கடைகளில் எவரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு: சேலையும் சுடிதாரும் அணிந்து பின்னால் ஒருபுறமாக அமர்ந்து வரும் பெண்கள். துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இறுக்குவதும், முந்தானை சங்கிலியில் சிக்கிக் கீழே இழுப்பதும் எங்கள் அவசரப் பிரிவில் புதிய செய்திகள் அல்ல. அவை பழகிப்போன செய்திகள். பின்சக்கரத்தின் பாதியாவது மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்லும் சேலைத் தடுப்பை, தோற்றம் கெடுகிறது என்று கழற்றி வைப்பவர்கள் அதைத் திரும்பப் பொருத்தட்டும். துப்பட்டாவை முன்னால் குறுக்காகக் கட்டி முடிச்சிட்டு, அதன் மேல் ஒரு பருத்திக் கோட்டை அணிந்துகொள்ளலாம்; கட்டடத் தொழிலாளிப் பெண்கள் சேலை மேல் சட்டை போடுவதைப் போன்ற எளிய வழிதான் அது. சிறு பிள்ளைகளின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்கிடையே சிக்கும் காயங்களையும் இதே தடுப்பும் மூடிய காலணியும் பெருமளவு தவிர்க்கும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்றிச் செல்லும்போது தலைக்கவசமும், ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வாரை நான் சாலையில் இதுவரை கண்டது மிகச் சில முறையே.

நிறத்தைப் பொறுத்தவரை கறுப்பு வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதமும், கறுப்போடு ஒப்பிடுகையில் வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு 24 சதவீதமும் குறைவாக இருந்தது.

விழுந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிராய்ப்பில் புகுந்த தார்த் துகளும் மணலும் முதல் நாளிலேயே முழுமையாகத் தேய்த்துக் கழுவப்பட வேண்டும். விட்டுவிட்டால் பச்சை குத்தியதைப் போல நீலக் கறையாகத் தோலுக்குள் நிலைத்துவிடும். மற்றொன்று தலைக்கவசம். ஒரு முறை மோதிய கவசத்தின் நுரை நசுங்கியது நசுங்கியதுதான். வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். நோயாளியின் உடைமைகளோடு அதையும் உறவினரிடம் பையில் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். வீடு திரும்பும் நாளில் அதையே தலையில் மாட்டிக்கொண்டு மகன் அப்பாவை ஏற்றிச் செல்வதைச் சன்னல் வழியே பார்த்த பிறகு, பையில் போடும் முன் தாடை வாரைக் கத்தரித்துவிடும்படி செவிலியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.