கிராப்: கத்தரிப்பதா, செதுக்குவதா?

'படத்தைக் கொஞ்சம் கிராப் பண்ணு' என்று நாள்தோறும் சொல்கிறோம். இச்சொல் தமிழுக்குள் வருவது இது இரண்டாம் முறை. முதன்முறை அது நாவிதர் கத்திரியோடு வந்தது. குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதைக் 'கிராப்பு' என்றார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் செடியின் தலைப்பையும் கதிரையும் குறித்த பெயர், அத்தலைப்பைக் கொய்வதைக் குறிக்கும் வினையாகி, விளைச்சல், குறுமயிர் எனக் கிளைத்து, ஒளிப்படத்தின் ஓரங்களை நீக்குவதற்கும் ஆகிவந்தது.

படத்தைச் சிறிதாக்குவது வேறு, இது வேறு. சிறிதாக்கும்போது காட்சி முழுதும் சுருங்கி நிற்கும். இங்கே காட்சியின் ஒரு பகுதியே போய்விடும். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம் இதற்கு நல்ல சான்று. கிடைமட்டமான மூலப்படத்தில் ஒருபுறம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும், மறுபுறம் பனையின மரமொன்றின் ஓலைகளும் இருந்தன. அவ்விரண்டையும் நீக்கிய பிறகே, நிகழ்ச்சியொன்றில் எடுத்த படம் உலகறிந்த உருவப்படமாயிற்று. இதற்கு ஒரு விலையும் உண்டு: 6000 × 4000 படப்புள்ளிகள் கொண்ட படத்தில் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால், 2.4 கோடிப் புள்ளிகளில் 60 இலட்சமே மிஞ்சும்.

தமிழில் இதற்கு எச்சொல் தகும்? வேர்ப்பொருளுக்கு மிக அணுக்கமானது 'கொய்'. தினை கொய்தலும் உண்டு. பிடரிமயிர் மட்டமாக வெட்டப்பட்ட குதிரையை அகநானூறு 'கொய்சுவற் புரவி' என்கிறது. ஆங்கிலச் சொல்லின் இரு கிளைகளும் இந்த ஒரே வேரில் அடங்கியிருப்பது வியப்புதான். ஆயினும் இன்றைய வழக்கில் கொய்வது என்றால் வேண்டியதைப் பறித்தெடுப்பது; இங்கோ வேண்டாதது கழிகிறது. 'வெட்டு' கணினியில் 'கட்' (cut) என்னும் வேறொரு கட்டளைக்குப் போய்விட்டது. செயலிகள் பலவற்றில் காணும் 'செதுக்கு' பழகிவிட்ட சொல் என்றாலும், செதுக்குவது ஒரு பொருளின் உருவத்தையே மாற்றுவது. இவ்வினையோ நடுவைத் தொடாமல் விளிம்பை மட்டும் களைகிறது.

எனவே 'கத்தரித்தல்' என்பதே என் தெரிவு. செடியைக் கத்தரிக்கும்போது மிஞ்சிய கிளை சிதையாமல் நிற்பதுபோல, படத்தின் நடுவும் அப்படியே நிற்கிறது. பெயராக 'கத்தரிப்பு', குழப்பம் வருமிடத்தில் 'ஓரம் கத்தரித்த படம்' எனலாம். மாமல்லபுரத்துச் சிற்பமொன்றின் படத்துக்கடியில் 'செதுக்கப்பட்டது' என்று குறித்தால், படிப்பவர் எதை எண்ணுவார்?